மடை திறக்கும் கை: கைனேஸ், உப்பு, செல் சவ்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ்பவானி வாய்க்கால் ஓரத்து ஊரொன்றில் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வீட்டுத் திண்ணையில் பிளஸ் டூ பிள்ளைகளும் நர்சிங் படிக்கும் பெண்களும் வந்து உட்கார்கிறார்கள். அவர்களைக் கூட்டிப் போக வரும் அப்பா அம்மாக்கள் மாத்திரைச் சீட்டை நீட்டுகிறார்கள். சிலர் கருகிய இலையைக் கிள்ளிக்கொண்டு வருகிறார்கள். சந்தேகம் எங்கே தொடங்கினாலும் முடிவில் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பல வருடமாகப் பார்க்கிறேன்: செல்லுக்குள் உப்பு போவதும் வருவதும் யார் சொல்லி நடக்கிறது? பதிலில் பெரும்பாலும் வருவது கைனேஸ் என்ற நொதி. கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். முதல் எட்டையும் படித்துவிட்டு மேலே போங்கள். பின்னால் வருபவை அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

1. டீச்சர், அயனின்னா உப்புத்தானுங்களே? அதுக்கு எதுக்குத் தனிப் பேரு?

தண்ணீரில் கரைந்ததும் உப்பு உப்பாக இருப்பதில்லை. சோடியம் நேர் மின்னூட்டத்தோடும் குளோரைடு எதிர் மின்னூட்டத்தோடும் பிரிந்து தனித்தனியே திரிகின்றன. அப்படி மின்னூட்டம் உள்ள துகளுக்குத்தான் அயனி என்று பேர். பொட்டாசியம், கால்சியத்துக்கும் இதே கணக்கு. உங்கள் வீட்டு உவர்ப்பான சப்பத்தண்ணியில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் எண் ஏறுகிறதே, அந்த மீட்டர் உப்பை எடை போடவில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்த்து, அதிலிருந்து கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்த மின்சாரத்தைக் கடத்துபவை அயனிகள்.

2. சவ்வு அத்தன மெல்லிசுன்னு சொல்றீங்க. அப்பறம் ஏன் உப்பு அதுவா உள்ள பூந்துக்கறதில்ல?

மெல்லிசுதான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு நானோமீட்டர். செல் சவ்வின் தடிமன் 5 முதல் 10 நானோமீட்டர். ஆனால் நடுவில் இருப்பது கொழுப்பு. அயனி எப்போதும் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டே திரியும். அந்தப் போர்வையை உதறிவிட்டுக் கொழுப்புக்குள் நுழைய அதற்கு ஏலாது. ஆகவே சவ்வில் புரதத்தால் ஆன வழிகள் இருக்கின்றன.

வழிகள் பல தினுசு. கால்வாய் என்பது, திறந்தால் சரிவுப்பக்கம் தானாக ஓடவிடும் மடை; ஒரு நொடியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அயனிகள் ஓடிவிடும். பம்ப் மேட்டுக்கு இறைக்கும், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து நொடிக்குச் சில நூறு அயனிகளைத் தள்ளும். கடத்தி என்று இன்னொன்று உண்டு. ஓர் அயனி சரிவில் இறங்கும் வேகத்தில் வேறொன்றையும் ஏற்றிக்கொண்டு போகும். இந்த ஏற்பாடுகளால்தான் செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்கு 145 மில்லிமோல் இருக்க, உள்ளே 10 முதல் 15 வரை மட்டும் இருக்கிறது. பொட்டாசியம் தலைகீழ்: உள்ளே 140, வெளியே 4 சொச்சம்.

3. கைனேஸ்ங்கறதும் ஒரு பம்ப்புங்களா?

இல்லை. அதிகம் பேர் குழம்புவது இங்கேதான். கைனேஸ் எந்த அயனியையும் தொட்டுத் தூக்குவதில்லை. வாய்க்காலில் மடை திறக்கும் லஸ்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு குடம் தண்ணீர்கூடச் சுமப்பதில்லை. ஆனால் அவர் திருகைத் திருப்பினால்தான் உங்கள் வயல்காட்டுக்குத் தண்ணீர் பாயும்.

கைனேஸ் ஒரு நொதி. ஏ.டி.பி.யின் கடைசிப் பாஸ்பேட்டைக் கழற்றி, வேறொரு புரதத்தின் மேல் ஒட்டுவது அதன் வேலை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; பெரும்பாலும் செரின், திரியோனின், டைரோசின் என்ற மூன்று அமினோ அமிலங்களில் ஒன்றின் மேல் ஒட்டும். மனித உடலில் 500க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. 1950களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்ஸும், தசையில் கிளைக்கோஜனை உடைக்கும் நொதி இப்படிப் பாஸ்பேட் ஏறும்போது முடுக்கிவிடப்படுவதையும் இறங்கும்போது அடங்குவதையும் கண்டுபிடித்தார்கள். 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பார்த்தது ஒரே ஒரு நொதியை. இன்று செல்லுக்குள் எங்கே திரும்பினாலும் அதே கைவரிசை தெரிகிறது.

4. பாஸ்பேட்டுன்னா நாங்க போடற டி.ஏ.பி.ல இருக்கறதுதானுங்களா?

அதேதான். உர மூட்டையில் 18-46 என்று போட்டிருப்பதில் 46 என்பது மணிச்சத்தின் அளவு. வேர் அதைப் பாஸ்பேட்டாக உறிஞ்சி, செடி அதை ஏ.டி.பி.யில் சேர்க்கிறது. அந்தச் செடியைத் தின்ற மாட்டுக்கும், மாட்டுப் பாலைக் குடித்த பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது. உங்கள் மகள் உடம்பில் ஒரு கைனேஸ் இப்போது ஒட்டும் பாஸ்பேட், போன வருடம் உங்கள் காட்டில் இருந்ததாகவே இருக்கலாம்.

5. இத்துனூண்டு பாஸ்பேட் ஒட்டுனதுக்கா அத்தாம் பெரிய புரதம் திரும்புது?

பாஸ்பேட் சின்னதுதான். ஆனால் மின்னூட்டம் இல்லாத ஓர் இடத்தில் இரண்டு எதிர் மின்னூட்டங்களைக் கொண்டுவந்து வைக்கிறது. பக்கத்தில் உள்ள நேர் மின்னூட்டப் பகுதிகள் அதை நோக்கி இழுபடுகின்றன. எதிர் மின்னூட்டப் பகுதிகள் விலகுகின்றன. புரதத்தின் மடிப்பு மாறுகிறது. மடிப்பு மாறினால் கதவின் நிலையும் மாறும்.

சில இடங்களில் பாஸ்பேட் அடையாளப் பொட்டு மாதிரியும் வேலை செய்யும். அந்தப் பொட்டைப் பார்த்தால் மட்டுமே வந்து பிடித்துக்கொள்ளும் புரதங்கள் உண்டு. 14-3-3 என்று எண்ணையே பேராகக் கொண்ட ஒரு குடும்பம் அதில் முக்கியமானது. மனிதரிலும் செடியிலும் அது இருக்கிறது. 13ஆம் கேள்வியில் மறுபடி வரும்.

6. ஒட்டுனத ஆருங்க கழட்டறது?

பாஸ்படேஸ் என்ற நொதிகள். பாடத்தில் இவற்றுக்கு இரண்டு வரி இடம் கொடுக்கிறார்கள்; எனக்கு அது வருத்தம். திறந்த மடையை அடைக்க ஆளில்லாவிட்டால் கரை உடையும். ஒட்டும் கையும் கழற்றும் கையும் எந்நேரமும் ஒன்றாக வேலை செய்கின்றன. எந்தக் கை ஓங்குகிறதோ அதுதான் அந்த நேரத்துக் கதவின் நிலை.

7. சோடியம்-பொட்டாசியம் பம்புலயும் பாஸ்பேட் ஒட்டுதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்குது. அதுவும் கைனேஸ் வேலதானா, மிஸ்?

நல்ல கேள்வி. இல்லை. 1957இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ நண்டின் நரம்பில் கண்டுபிடித்த பம்ப் அது. 1997இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. அந்தச் சுற்றின் நடுவே பம்ப் தானே ஏ.டி.பி.யிடமிருந்து பாஸ்பேட்டை வாங்கி, தன் உடம்பில் உள்ள ஆஸ்பார்ட்டிக் அமிலத்தில் ஒட்டிக்கொண்டு, அடுத்த கணம் கழற்றிவிடுகிறது. மோட்டார் சுற்றுவதற்கு எரிக்கும் மின்சாரம் மாதிரி அது.

கைனேஸ் ஒட்டும் பாஸ்பேட் வேறு இடத்தில் உட்காருகிறது. அது ஸ்டார்ட்டர் பொத்தான் மாதிரி. இதய தசையில் இந்தப் பம்புக்குப் பக்கத்தில் பாஸ்போலெம்மன் என்ற சிறு புரதம் பிரேக் கட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் கைனேஸ் பாஸ்பேட்டை ஒட்டினால் பிரேக் தளர்ந்து பம்ப் வேகமாக ஓடுகிறது. விடைத்தாளில் இந்த இரண்டு பாஸ்பேட்டையும் ஒன்றாக எழுதினால் மதிப்பெண் போகும். அதைவிட, பின்னால் வரும் எதுவும் புரியாமல் போகும்.

8. அப்ப பாஸ்பேட் ஒட்டுனா தொறக்கும், கழட்டுனா மூடும்னு எழுதிக்கலாமுங்களா?

எழுதாதீர்கள். எந்தப் புரதம், எந்த இடம் என்பதைப் பொறுத்தது. ஒரு செல் தண்ணீர் இழந்து சுருங்கினால் என்ன நடக்கிறது பாருங்கள். சவ்வில் இரண்டு கடத்திகள். ஒன்று சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றையும் உள்ளே கொண்டுவருவது. மற்றது பொட்டாசியத்தையும் குளோரைடையும் வெளியே விடுவது. ஒரே கைனேஸ் இரண்டின் மேலும் பாஸ்பேட் ஒட்டுகிறது. முதலாவது திறக்கிறது, இரண்டாவது மூடுகிறது. தொட்டி நிறைய வேண்டுமென்றால் வரும் குழாயைத் திறந்து போகும் குழாயை அடைக்க வேண்டுமல்லவா? ஒரே கட்டளையில் இரண்டும் ஆகிவிடுகிறது. உள்ளே உப்பு தங்க, பின்னாலேயே தண்ணீர் வர, செல் பழைய பருமனுக்குத் திரும்புகிறது. முப்பது வருடம் பாடம் நடத்தியும் இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும்.

வேறு வழிகளும் உண்டு. கதவைத் தொடாமல் சவ்வில் எத்தனை கதவு இருக்கலாம் என்பதையே கைனேஸ் மாற்றுவது ஒன்று (13ஆம் கேள்வி). கதவு அயனியைப் பற்றும் பிடியின் இறுக்கத்தை மாற்றுவது இன்னொன்று (17ஆம் கேள்வி).

9. கொழந்தைக்கு வவுத்தால போகுது. தண்ணி குடுத்தா இன்னும் எச்சாப் போகுமில்லீங்களா?

போகாது. தயவுசெய்து தண்ணீரை நிறுத்தாதீர்கள். இதைச் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன்.

காலராவை எடுத்துக்கொள்வோம். 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, காலராக் கிருமியே இல்லாமல் அது விட்ட நஞ்சு மட்டுமே குடலில் நீரைக் கொட்டவைக்கும் என்று காட்டினார். அந்த நஞ்சு குடல் செல்லுக்குள் போய், சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சைகைப் பொருளை உண்டாக்கும் சுவிட்சை அணைக்க முடியாதபடி மாட்டிவிடுகிறது. சைகை ஏறியதும் புரதக் கைனேஸ் ஏ என்ற கைனேஸ் விழிக்கிறது. அது சி.எஃப்.டி.ஆர். என்ற குளோரைடு கால்வாயில் பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது. கால்வாய் திறந்தபடியே நிற்க, குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. பின்னால் சோடியம், அதன் பின்னால் தண்ணீர். சாதாரணமாகச் சோடியத்தை உள்ளே இழுக்கும் இன்னொரு கடத்தியையும் அதே கைனேஸ் அடக்கிவிடுகிறது. பாசனம் முடிந்தும் மடையை அடைக்கவிடாமல் லஸ்கரின் கையைப் பிடித்துக்கொண்டது போலத்தான்.

ஆனால் ஒரு வாசல் தப்பித்துவிடுகிறது. குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே எடுக்கும் கடத்தியை இந்த நஞ்சு கெடுப்பதில்லை. உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்து வந்தால் அந்த வாசல் இரண்டையும் உள்ளே எடுக்கும், தண்ணீரும் கூடவே போகும். ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் இவ்வளவுதான். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கிய பொன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இதைக் கொண்டே பெருங்கூட்டத்தின் உயிரைக் காத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75. பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவில் கரையுங்கள். எல்லாப் பேதியும் காலரா அல்ல. ஆனாலும் பெரும்பாலானவற்றில் இந்த வாசல் உதவும். பிள்ளை துவண்டாலோ, கண் குழிந்தாலோ, ஒன்றுக்குப் போவது நின்றாலோ, பேதியில் ரத்தம் கண்டாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போகும் வழியிலும் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போங்கள்.

10. பொள்ளாச்சி எளநீயே கெடைக்குது. அது பத்தாதுங்களா?

பேதிக்கு அது மட்டும் பத்தாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. 9இல் சொன்ன வாசலுக்குச் சோடியம் வேண்டும். ஓ.ஆர்.எஸ். கொடுத்துவிட்டு இடையிடையே இளநீரும் உப்புப் போட்ட கஞ்சியும் கொடுக்கலாம்.

11. அந்தக் குளோரைடு கதவு பொறக்கும்போதே கெட்டுப்போயிருந்தா?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய். 1989இல் இதன் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். 1,480 அமினோ அமிலம் கொண்ட புரதத்தில், 508ஆம் இடத்தில் ஒன்றே ஒன்று விட்டுப்போவதுதான் மிகப் பரவலான பிழை. நுரையீரலில் சளி கெட்டிப்படும், வியர்வை அளவுக்கு மீறி உப்புக் கரிக்கும். பேதியில் திறந்தே நிற்கும் கதவு, இங்கே திறப்பதே இல்லை. இந்தப் பிழையில் புரதம் சரியாக மடியாமல் சவ்வுக்கு வந்து சேருவதே அரிது. கைனேஸ் தயாராக நிற்கிறது, அது தொட வேண்டிய கதவு அங்கே இல்லை.

12. எங்கப்பனுக்கு பி.பி.க்கு யூரின் போற மாத்தர குடுத்திருக்காங்க. அது கைனேஸ நிறுத்துதுங்களா?

தயசைடு வகை மாத்திரையாக இருந்தால், அது அடைப்பது கதவை, கைனேஸை அல்ல. நம் சிறுநீரகம் நாளுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. நுண்குழாயின் கடைசிப் பகுதிக்கு வரும்போது மிச்சமிருக்கும் உப்பைப் பிடிக்க ஒரு சோடியம்-குளோரைடு கடத்தி இருக்கிறது. தயசைடு அதில் போய் அடைத்துக்கொள்ளும். உப்பு சிறுநீரில் போகும், தண்ணீரும் போகும்.

அந்தக் கடத்திக்கு மேலே ஒரு கைனேஸ் வரிசை உண்டு. தலைவன் டபிள்யூ.என்.கே. 'லைசின் இல்லாதது' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் எழுத்துகள் அவை; மற்றக் கைனேஸ்களில் லைசின் இருக்கும் இடத்தில் இதில் அது இல்லை. 2000இல் கண்டார்கள், இன்னதற்கென்று தெரியாமலே. அடுத்த வருடமே விடை வந்தது. கார்டன் நோய் என்ற அரிய பரம்பரை நோயில் பி.பி.யும் ஏறும், ரத்தப் பொட்டாசியமும் ஏறும். சில குடும்பங்களில் பிழை இந்தக் கைனேஸ்களின் மரபணுக்களில் இருந்தது. டபிள்யூ.என்.கே. இன்னொரு கைனேஸை எழுப்பும், அது உப்புக் கடத்தியில் பாஸ்பேட்டை ஒட்டும், கடத்தி மும்முரமாக உப்பை உள்ளே இழுக்கும். கார்டன் நோய்க்காரர்களுக்கு இது ஓயாமல் நடக்கிறது. அவர்களுக்கும் தயசைடுதான் மருந்து என்பது எவ்வளவு பொருத்தம்.

13. அதிமதுரம் தெனமும் வாயில போட்டுக்கறேனுங்க. அதுல பி.பி. ஏறும்னு நர்சம்மா சொல்றாங்க, நெசமா?

நிஜம். நாட்டு மருந்துக்கடைச் சரக்கு என்பதால் ஒன்றும் செய்யாது என்று எண்ண வேண்டாம். சுற்றி வரும் வழி இது. ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் சிறுநீரகச் செல்லில் எஸ்.ஜி.கே.1 என்ற கைனேஸை உண்டாக்குகிறது. அந்தச் செல்லின் சவ்வில் ஒரு சோடியம் கால்வாய் இருக்கிறது. பழைய கால்வாய்களைப் பிடித்து அகற்ற நெட்4-2 என்ற புரதம் சுற்றிக்கொண்டிருக்கும். எஸ்.ஜி.கே.1 அந்த நெட்4-2 மேல் பாஸ்பேட்டை ஒட்டும். அந்தப் பொட்டைப் பார்த்து 14-3-3 வந்து பிடித்துக்கொள்ளும். அகற்றும் ஆள் கட்டுண்டதால் சவ்வில் கால்வாய்களின் எண்ணிக்கை கூடுகிறது. எந்தக் கதவையும் கைனேஸ் தொடவில்லை, ஆனாலும் உப்பு அதிகம் உள்ளே வருகிறது.

கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் ஆல்டோஸ்டீரோனின் ஏற்பியில் (ஹார்மோன் வந்து பொருந்தும் புரதத்தில்) உட்காரக்கூடியது. அதை உட்காரவிடாமல் சிதைக்க ஒரு நொதி காவல் நிற்கிறது. அதிமதுரம் அந்தக் காவலை முடக்குகிறது. பிறகு கார்டிசாலே உள்ளே புகுந்து மேலே சொன்ன வேலை முழுவதையும் கிளப்பிவிடும்: உப்பு தேங்கும், பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். இருமலுக்கு இரண்டு நாள் கஷாயம் வேறு, மாதக்கணக்கில் தினமும் மெல்லுவது வேறு. பி.பி. உள்ளவர்கள் அதை விடுவது நல்லது.

14. வாழப்பழம், ரக்கிரி எல்லாம் தின்னா பி.பி. கொறையும்ங்கறாங்க. அதுக்கும் இந்தக் கைனேஸுக்கும் சம்பந்தமுங்களா?

உண்டு, நெருங்கிய சம்பந்தம். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால், சிறுநீரகச் செல்லின் உட்புறம் மின்னூட்டத்தில் இன்னும் எதிர்ப்பக்கம் சாயும். எதிர் மின்னூட்டம் உள்ள குளோரைடு அந்தச் செல்லைவிட்டு வெளியேறும். டபிள்யூ.என்.கே. மேல் சாதாரணமாக ஒரு குளோரைடு உட்கார்ந்து அதைத் தூங்கவைத்திருக்கும். செல்லில் குளோரைடு குறைந்தால் அது எழுந்து போய்விடும், கைனேஸ் விழிக்கும், 12இல் சொன்ன கடத்தி உப்பைச் சேர்த்துப் பிடிக்கும். பொட்டாசியம் நிறைய உண்டால் இதே வரிசை திரும்பி ஓடும். உப்பு சிறுநீரில் இறங்கும்.

ஆகவே சாப்பாட்டில் உப்பைக் குறைப்பது பாதி வேலை. நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கீரை, பழம், பயறு சேர்ப்பது மறுபாதி. அரிசிச் சோறும் ஊறுகாயுமாக ஓட்டுகிறவர்களின் சிறுநீரகம், பொட்டாசியம் போதவில்லை என்று எண்ணிக்கொண்டு உப்பை விடமாட்டேன் என்று பிடித்துவைத்திருக்கும்.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: கிட்னி பழுதானவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இளநீரோ, சோடியம் குறைந்த உப்பு என்று விற்கும் பொட்டாசியம் கலந்த உப்போ எடுக்கக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

15. நாய் தொரத்துனா நெஞ்சு படபடங்குதே, அதுலயும் கைனேஸா?

ஆமாம். அட்ரினலின் வந்ததும் 9இல் பார்த்த அதே புரதக் கைனேஸ் ஏ இதயச் செல்லில் விழிக்கிறது. கால்சியம் கூடுதலாக உள்ளே வருகிறது, தசை பலமாகச் சுருங்குகிறது. வந்த கால்சியத்தை உள்ளறைக்குத் திரும்ப இறைக்கும் பம்பின் மேல் பாஸ்போலாம்பன் என்ற பிரேக் இருக்கிறது. கைனேஸ் அதையும் தளர்த்துவதால் தசை சட்டென்று ஓய்ந்து அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. பீட்டா பிளாக்கர் மாத்திரை இந்த வரிசையை அட்ரினலின் வந்து தொடும் இடத்திலேயே தடுக்கிறது.

இதில் ஓர் அழகான திருத்தம் நடந்தது. கைனேஸ் கால்சியம் கால்வாயின் மேலேயே பாஸ்பேட்டை ஒட்டுகிறது என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். பாஸ்பேட் ஏறக்கூடிய இடங்களையெல்லாம் கால்வாயிலிருந்து நீக்கிய எலிகளின் இதயமும் அட்ரினலினுக்கு வழக்கம்போலத் துள்ளியது. 2020இல் விடை கிடைத்தது: பாஸ்பேட் ஏறுவது ராட் என்ற பக்கத்துப் புரதத்தில். அது கால்வாயை இழுத்துப் பிடித்திருக்கிறது. பாஸ்பேட் ஏறியதும் பிடியை விடுகிறது.

16. நொய்யல் தண்ணி பாஞ்ச காட்டுல தென்ன நிக்குது, வாழ கருகுது. அதுக்கும் உப்புத்தான் காரணமா, டீச்சரம்மா?

உப்புத்தான். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு கொட்டுகிறார்கள். அந்த உப்பு நொய்யல் ஆற்றில் இறங்கி, 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கிணற்றிலும் மண்ணிலும் ஊறியது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், பிறகு கழிவுநீரே வெளியேறாத முறைக்கு அவர்கள் மாற வேண்டியிருந்ததும் நம் கண் முன்னே நடந்தவை. மண்ணில் சேர்ந்தது அவ்வளவு சீக்கிரம் போகாது.

செடியில் நம்முடைய சோடியம்-பொட்டாசியம் பம்ப் கிடையாது. அது ஹைட்ரஜன் அயனியை வெளியே இறைத்துச் சரிவை உண்டாக்கி, அந்தச் சரிவில் மற்றதை நகர்த்துகிறது. வேரில் சோடியம் ஏறியதும் செல்லுக்குள் கால்சியம் சைகை எழும். எஸ்.ஓ.எஸ்.3 என்ற புரதம் அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு எஸ்.ஓ.எஸ்.2 என்ற கைனேஸை எழுப்பும். அது எஸ்.ஓ.எஸ்.1 என்ற கடத்தியில் பாஸ்பேட் ஒட்டும். கடத்தி ஒரு ஹைட்ரஜனை உள்ளே விட்டு ஒரு சோடியத்தை வெளியே தள்ளும். கடுகு வகையறாவைச் சேர்ந்த ஒரு சிறு களைச்செடியில் இதைக் கண்டுபிடித்தார்கள். நெல் உட்படப் பல பயிர்களிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. தென்னை உப்பைத் தாங்கும், வாழை தாங்காது என்பது அனுபவத்தில் கண்டது. அதற்கு இந்த ஒரு கைனேஸ் மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வேரின் ஆழம், சோடியத்தை எங்கே அடைத்துவைப்பது, இலைக்கு எவ்வளவு ஏறவிடுவது எல்லாம் சேர்ந்தது அது.

17. பொட்டாஷ் கொறஞ்ச மண்ணுல செடி எப்படியோ எடுத்துக்குதே, அது எப்படிங்க?

வேரில் ஒரு பொட்டாசியம் கால்வாய் இருக்கிறது. மண்ணில் பொட்டாசியம் குறைந்தால் 16இல் சொன்னது போலவே கால்சியம் சைகை, அதைப் பிடிக்கும் புரதம், ஒரு கைனேஸ் என்று வரிசை ஓடி, கால்வாயில் பாஸ்பேட் ஏறித் திறக்கிறது. 2006இல் தெரிந்தது இது.

அதே கைனேஸ் நைட்ரேட்டை எடுக்கும் கடத்தியையும் தொடுகிறது. அங்கே அது பிடியை மாற்றுகிறது. 101ஆம் இடத்தில் உள்ள திரியோனினில் பாஸ்பேட் ஏறினால் கடத்தி இறுக்கமாகப் பற்றும், மண்ணில் துளி நைட்ரேட் இருந்தாலும் எடுக்கும். பாஸ்பேட் இல்லாதபோது பிடி தளர்ந்து, நிறைய இருந்தால் மட்டும் வாரும்.

18. தண்ணி பத்துலீன்னா எல தானா வாயை மூடிக்குமாமே. எலைக்கு ஆரு சொல்றது?

அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். இலைத்துளையின் இரு பக்கமும் உள்ள காப்புச் செல்களில் ஒரு கைனேஸ் காத்திருக்கிறது. ஆனால் ஒரு பாஸ்படேஸ் அதை எந்நேரமும் அடக்கிவைத்திருக்கிறது (6ஆம் கேள்வியை நினையுங்கள்). ஹார்மோன் வந்ததும் அதன் ஏற்பி போய் அந்தப் பாஸ்படேஸைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. கைனேஸ் விடுபட்டு, எதிர் அயனிகளை வெளியேற்றும் கால்வாயில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. குளோரைடு வெளியேற, பொட்டாசியமும் பின்னாலே போக, தண்ணீரும் வடிய, செல் தொய்ந்து துளை மூடுகிறது. சித்திரை வெயிலில் வாடிய மஞ்சள் வயலில் ஒவ்வொரு இலையிலும் ஆயிரக்கணக்கான துளைகளில் இது நடந்துகொண்டிருக்கிறது.

19. இத்தனையும் கைனேஸ்தான்னா, கைனேஸையே நிறுத்தற மருந்து செஞ்சுட்டா என்ன, மேம்?

செய்கிறார்கள், பெரும்பாலும் புற்றுநோய்க்கு. 2001இல் ஒப்புதல் பெற்ற இமாடினிப் ஒருவகை ரத்தப் புற்றுநோயின் போக்கையே மாற்றியது. உப்புக் கதவுகள் விஷயத்தில் சிக்கல் அதிகம். ஏ.டி.பி. போய் உட்காரும் குழி 500 சொச்சம் கைனேஸ்களிலும் ஏறக்குறைய ஒரே அச்சு. ஒன்றை அடைக்கப் போனால் பக்கத்து நாலும் அடைபடும். ஒரே கைனேஸுக்கு உடம்பில் பல இடங்களில் வேலை இருக்கிறது என்பதும் 9, 15ஐப் படித்தால் தெரியும். குடலை நிறுத்தப் போய் இதயத்தையும் நிறுத்தக் கூடாதே. பி.பி.க்கு இன்றும் கதவையே அடைக்கும் மாத்திரைகள் நிலைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

20. கண்ணுக்கே தெரியாதது. இந்த எடத்துலதான் பாஸ்பேட் ஒட்டுதுன்னு எப்படிக் கண்டுபுடிச்சாங்க?

ஓர் ஊசிக்குழாயின் மழமழப்பான கண்ணாடி முனையைச் சவ்வில் அழுத்தி, ஒரே ஒரு கால்வாய் திறந்து மூடும் மின்னோட்டத்தை அளக்கும் முறையை 1976இல் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் காட்டினார்கள். 1991இல் நோபல் பெற்றார்கள். அதில் கால்வாயை வைத்துக்கொண்டு கைனேஸையும் ஏ.டி.பி.யையும் சேர்த்தால் மாற்றம் கண்முன்னே தெரியும்.

எந்த இடம் என்பதற்கு மரபணுவில் கைவைக்கிறார்கள். சந்தேகப்படும் செரினை எடுத்துவிட்டு, பாஸ்பேட் ஒட்டமுடியாத அலனினை வைப்பார்கள். கைனேஸ் வந்தும் கதவு அசையவில்லை என்றால் அந்த இடம் முக்கியம். எதிர் மின்னூட்டம் உள்ள ஆஸ்பார்ட்டிக் அமிலத்தை வைத்தால் சில சமயம் பாஸ்பேட் ஒட்டியது போலவே நடந்துகொள்ளும். ஆனால் ஒன்றை மாற்றிவிட்டு முடிவுகட்ட முடியாது என்பதற்கு 15இல் சொன்ன எலிகளே சாட்சி.

21. அப்படின்னா எங்க பூமிக்கு அந்த எஸ்.ஓ.எஸ். கைனேஸ எழுப்பற மருந்து ஏதாச்சும் அடிக்கலாமுங்களா?

அப்படி ஒரு மருந்து இல்லை. இருக்கிறது என்று யாராவது பாட்டிலைக் காட்டினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஜிப்சம் போடச் சொல்வது வேறு விஷயம். களிமண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தை ஜிப்சத்தின் கால்சியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். அது மண்ணில் நடக்கும் வேதியியல்; கைனேஸ் அதில் இல்லை. தள்ளிய சோடியத்தை அடியில் இறக்க நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். மண்ணில் வெறும் உவர் (கரைந்த உப்பு) மட்டும் இருந்து, களிமண் துகளில் சோடியம் ஒட்டியிருக்காவிட்டால் ஜிப்சம் வீண் செலவு.

அதனால் முதலில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுங்கள். எரு கொட்டிய இடம், வரப்பு, மர நிழல் தவிர்த்து, காட்டில் பத்துப் பதினைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு மம்முட்டியால் சரிவாக வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் ஒட்டுக்காகக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பாகங்களைக் கழித்துக்கொண்டே வந்து, அரைக் கிலோ மிஞ்சியதும் நிழலில் உலர்த்திப் பையில் கட்டுங்கள். தென்னைக்கு இன்னும் ஆழமாக எடுக்க வேண்டும். முடிவுச் சீட்டு வந்ததும் திண்ணைக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.